ஹாஸ்டல் வார்டன்களுக்கு: விதிப் பலகைக்கு முன்னால் ஒன்பது கொக்கி

கல்லூரி விடுதிக் காப்பாளர்களுக்கும், துணைக் காப்பாளர்களுக்கும், அறை ஒதுக்கித் தரும் அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

முதலாண்டுப் பிள்ளைகள் பெட்டியும் பக்கெட்டுமாக வந்து இறங்கும் நேரம் இது. வாசலில் அவர்களை முதலில் பார்ப்பது விதிப் பலகை. இத்தனை மணிக்குக் கதவடைப்பு, அயர்ன் பாக்ஸுக்குத் தடை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மீறினால் அபராதம். கடைசியில் ஒரு வரி: 'அறை நண்பர்களுடன் நல்லிணக்கமாகப் பழகவும்.' இந்த மடல் அந்தக் கடைசி வரியைப் பற்றியது. ஆணி அடிக்கக் கூடாது என்ற வரிக்கும் அதற்கும் உள்ள உறவைப் பற்றியதும்கூட.

மூன்று பேர் தங்கும் அறையில் சண்டை எங்கே தொடங்குகிறது என்று விடுதிக்குள் இருந்தவர்களைக் கேளுங்கள். குணம், வளர்ப்பு என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். ஈரத் துண்டு, ஐந்து மணி அலாரம், பாதி ராத்திரி டியூப் லைட், திரும்பி வராத இருநூறு ரூபாய் என்பார்கள். இவற்றில் பாதியை அறிவுரையே இல்லாமல் தச்சரும் எலக்ட்ரீஷியனும் தீர்த்துவிட முடியும். மீதிப் பாதிக்கு ஒரு தாளும், சில வாக்கியங்களும், மூன்று வாரப் பொறுமையும் போதும்.

முதலில் துண்டு. ஆணிக்குத் தடை, கொக்கியும் இல்லை என்றால் குளித்துவிட்டு வருபவர் ஈரத் துண்டை எங்கே போடுவார்? கட்டில் கம்பியில் போடுவார். அதன் மேல் இன்னொருவருடையது விழும். இரண்டும் மாலை வரை காயாது. அடுத்த நாள் அவசரத்தில் கைக்கு எது வருகிறதோ அதுதான் துண்டு. படர்தாமரை ஒரு தளம் முழுக்கப் பரவ இது போதும். ஆளுக்கு மூன்று கொக்கி வேண்டும்: துண்டுக்கு ஒன்று, ஈரத் துணிக்கு ஒன்று, நாளைக்குப் போடும் சட்டைக்கு ஒன்று. ஆக, அறைக்கு ஒன்பது. துண்டுக் கொக்கிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றின் கீழும் கட்டில் எண்ணைப் பெயின்டில் எழுதிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

படர்தாமரை வந்த பிறகு நடக்கும் தப்பையும் சொல்லிவிடுகிறோம். மருத்துவரிடம் போகக் கூச்சப்பட்டு மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு வாங்குவார்கள். அப்படிக் கிடைக்கும் பல கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், களிம்பை நிறுத்துவார்கள். பூஞ்சை உள்ளேயேதான் இருக்கும். அடுத்த முறை இன்னும் அகலமாக வரும். விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டிய செய்தி இது. அபராதப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

துணி காய்வது அடுத்த சிக்கல். ஆடியில் எங்கே போட்டாலும் காயும். ஐப்பசி அடைமழையில்தான் ஒரு விடுதியின் தராதரம் தெரியும். மழை படாத, காற்று வரும் தாழ்வாரத்தில் கயிறு கட்டி, மீட்டருக்கு ஒரு கலர் துணி முடிந்து அறை எண் எழுதுங்கள். கூடவே ஒரு விதி: காய்ந்து ஒரு நாளைக்கு மேல் எடுக்காத துணியை யார் வேண்டுமானாலும் மடித்துப் பெஞ்சில் வைக்கலாம், அதற்குக் கோபிக்கக் கூடாது. பெண்கள் விடுதியில் கூடுதலாக ஒன்று தேவை. யார் கண்ணிலும் படக் கூடாது என்று உள்ளாடையைச் சுடிதாருக்கு அடியில் காயப்போடுகிறார்கள். அது காய்வதே இல்லை. அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு அரிப்பில் அவதிப்படுகிறார்கள். மொட்டை மாடியில் வெயில் விழும் ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தால் போதும். தளத்துக்குத் தளம் மூடியுள்ள குப்பைக்கூடையும் பழைய செய்தித்தாள் கட்டும் வைத்தால், நாப்கின் அடைத்த கழிவறைக்காக மொத்தத் தளத்தையும் வரிசையில் நிறுத்தித் திட்ட வேண்டிய வேலையும் இருக்காது.

சொறி சிரங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நட்பை அதுபோல முறிக்கும் நோய் விடுதியில் வேறில்லை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் என்று இரவில் அரிப்பு கூடும். அறையில் ஒருவருக்கு வந்ததும் மற்ற இருவரும் கட்டிலை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். 'குளிக்க மாட்டான்' என்று பேர் கட்டுவார்கள். அந்தப் பேருக்குப் பயந்து அடுத்தவர் மறைப்பார், மறைப்பதால் பரவும். உண்மை வேறு. இது அழுக்கால் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலோடு தோல் படுவதால் வருவது. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம், அதற்குள் அவர் பிறருக்குக் கொடுத்தும் இருக்கலாம். முதலில் சொறிந்தவர்தான் கொண்டுவந்தவர் என்று சொல்லவே முடியாது. 'யாரால் வந்தது' என்ற விசாரணையை வார்டனே முதல் நாளில் நிறுத்திவிட வேண்டும்.

செய்ய வேண்டியது இது. மருத்துவர் பார்த்து உறுதி செய்ததும் அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றி அறையில் அத்தனை பேருக்கும் ஒரே இரவில் மருந்து. வழக்கமாக எழுதித் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, நக இடுக்கு, தொப்புள், விரல் இடுக்கு எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் திரும்பப் பூச வேண்டும். இதை விட்டால் விரலில் திரும்ப வரலாம். ஒரு வாரம் கழித்து மருத்துவர் சொன்னபடி இரண்டாம் முறை. போர்வை, தலையணை உறை, மூன்று நாளாகப் போட்ட துணி எல்லாவற்றையும் சுடுநீரில் துவைக்க விடுதியில் வழி இருக்காது. பெரிய பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நான்கு நாள் மூலையில் போட்டால் போதும். மனித உடம்பை விட்டால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைப்பதில்லை. மருந்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். அது மருந்து தோற்றதாக ஆகாது. அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தினம் ஒரு முறை பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மூன்று பேருக்கும் மருந்து வாங்கும் பணம் யாருடையது என்பதில்தான் பெரும்பாலும் வேலை நின்றுபோகிறது. விடுதி நிதியிலிருந்து கொடுத்துவிடுங்கள். ஒரு தளத்துக்குச் செலவழிப்பதைவிட ஓர் அறைக்குச் செலவழிப்பது மலிவு.

இனி அலாரம். ஐந்துக்கு ஒன்று, ஐந்து ஐந்துக்கு ஒன்று, ஐந்து பத்துக்கு ஒன்று என்று வைத்துவிட்டு வைத்தவர் தூங்குவார், மற்ற இருவரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். தலையணைக்கு அடியில் போன் இருக்கும்வரை கை தானாக அதை அணைத்துவிடும், மூளைக்குச் சேதியே போகாது. போனை எட்டாத இடத்தில், அலமாரி மேல் வைத்தால் எழுந்து நடந்தாக வேண்டும். சார்ஜர் போடும் இடம் கட்டிலோரம் இருக்கும்வரை இது நடக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னதற்கு இதுதான் காரணம். மூன்று பேருக்கு மூன்று பிளக் பாயின்ட், அவை அலமாரிப் பக்கச் சுவரில். இப்போது பல அறைகளில் இருப்பது இரண்டு. அதிலிருந்து மல்டி பிளக், அதிலிருந்து எக்ஸ்டென்ஷன், கடைசியில் சூடேறி உருகும் ஒரு ஒயர்.

விளக்கும் அப்படியே. பத்து மணிக்கு வாசிப்பறையைப் பூட்டினால் பத்தேகாலுக்கு அறையில் தகராறு ஆரம்பிக்கும். படிக்கிறவர் ஒருவர், தூங்குகிறவர் இருவர், டியூப் லைட் ஒன்று. உள்தேர்வு வாரங்களிலாவது வாசிப்பறையை இரவு ஒரு மணி வரை திறந்து வையுங்கள். மற்ற நாட்களுக்கு, பதினொன்றுக்கு மேல் மேசை விளக்கு மட்டும் என்பதை விதியாக்கலாம். பதினெட்டு வயதுக்காரருக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். எட்டரைக்கு லேப் இருக்கும் பிள்ளை இரண்டு மணிவரை விழித்திருந்து, மாலை ஆறுக்கு மெஸ் காபி குடித்தால் அடுத்த இரவும் போனதுதான். குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

பழக்கம் பிடிபடுவதைப் பற்றி வரவேற்புக் கூட்டங்களில் ஒரு எண் தவறாமல் வரும்: 'இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும்.' தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலை வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் வேலையைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்டுச் சொன்ன மதிப்பீடு). தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இருபத்தொரு நாள் என்று நம்பிய பிள்ளை இருபத்திரண்டாம் நாளும் கஷ்டமாக இருந்தால் 'நமக்கு இது வராது' என்று விட்டுவிடும். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதைத்தான் மேடையில் சொல்ல வேண்டும்.

விடுதியில் இதற்கு ஒரு வசதி உண்டு, வீட்டில் இல்லாதது: மெஸ் மணி. 'தினமும் எட்டு மணிக்குப் படிப்பேன்' என்ற தீர்மானம் எட்டேகாலுக்குள் ஆவியாகிவிடும். 'சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் நேராக நாற்காலியில் உட்கார்ந்து இன்றைய நோட்டை ஒரு முறை புரட்டுவேன்' என்பது நிற்கும். ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலின் வாலில் புதியதை முடிந்துவிடுவதுதான் சூட்சுமம். முதல் வாரத்துக்கு ஐந்து நிமிட அளவு போதும். இதில் இடறும் இடம் தீபாவளி, பொங்கல் விடுமுறை. வீட்டில் மெஸ் மணி இல்லை, அம்மா தட்டைக் கழுவிவிடுவார், முடிச்சு அவிழ்ந்துவிடும். திரும்பி வந்த முதல் மூன்று நாளைக்கு மட்டும் அதே ஐந்து நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.

அறைச் சுத்தத்துக்கு 'திங்கள் இவன், செவ்வாய் அவன்' என்று நாள் பிரித்துச் சுவரில் ஒட்டுவார்கள். பக்கத்து ஊர்க்காரர் வெள்ளி மாலையே பஸ் ஏறிவிடுவார், சனி ஞாயிறு முறை எப்போதும் தூரத்து ஊர்க்காரர் தலையில் விழும். நாளைப் பிரிக்காமல் வேலையைப் பிரிக்க வேண்டும். பெருக்குவது ஒருவருக்கு, குப்பை ஒருவருக்கு, பக்கெட்டும் குளியலறையும் ஒருவருக்கு, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பக்கெட் வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில், பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி முட்டை வைக்கும். முட்டை கொசுவாகச் சுமார் ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை கொட்ட வேண்டும், கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ் வைத்து உட்சுவரைத் தேய்க்க வேண்டும். ஒட்டிய முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீர்ப் பஞ்சத்தில் டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கும் விடுதிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

அடுத்தது, தாள். ஓர் அறைக்கு ஒரு பக்கம், மூன்று கையெழுத்து. லைட் எத்தனை மணிக்கு, அலாரம் எத்தனை முறை, ஸ்பீக்கரா ஹெட்போனா, வெளியாள் என் கட்டிலில் உட்காரலாமா, போன் பேச எங்கே போவது, ஃபேன் எத்தனையில் ஓடும், கதவு பூட்டினால் சாவி எங்கே. பொருட்களுக்கு மூன்று பத்தி. கேட்காமல் எடுக்கலாம்: பக்கெட், துடைப்பம், கத்தரிக்கோல். கேட்டு எடுக்கலாம்: சார்ஜர், செருப்பு, சைக்கிள். கேட்கவே கூடாது: துண்டு, ரேசர், உள்ளாடை, இயர்போன். ரேசரைக் கடைசிப் பத்தியில் போடுவதற்குக் காரணம் வெறும் அருவருப்பு அல்ல. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரேசரில் ஒட்டிய ரத்தத்தால் பரவக்கூடியவை. பணத்துக்கு ஒரு வரி: நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவர் அப்போதே மெசேஜில் எழுதிவைப்பார், வாங்கியவர் கோபிக்க மாட்டார்.

இந்தத் தாளை முதல் நாளில் எழுத வைக்காதீர்கள். முதல் மூன்று நாள் எல்லோரும் 'எனக்கு எதுன்னாலும் ஓகே' என்பார்கள். அந்த ஓகேக்கள்தான் பின்னால் வெடிப்பவை. ஒரு வாரம் கழித்து எழுதட்டும், மூன்றாம் வாரம் ஒருமுறை திருத்தட்டும். மாற்றம் எதுவாக இருந்தாலும் மூவரும் ஒப்ப வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் நீங்கள் போடுங்கள். மூன்று பேர் அறையின் பிறவிக் குறையே இருவர் சேர்ந்து ஒருவரை ஓரங்கட்டுவதுதான். அறை ஒதுக்கும்போதே ஒரே பள்ளியிலிருந்தோ ஒரே ஊரிலிருந்தோ வந்த இருவரோடு ஒரு வெளியாளைப் போடாதீர்கள். இங்கே சாதியும் வரும். ஊர் கேட்கும் சாக்கில் தெரு கேட்பதும், தெரு கேட்டபின் கட்டில் மாற்றிக் கேட்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. நாங்குநேரியில் 2023-இல் பட்டியலினப் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளி மாணவரை அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. விடுதி அறைக்கும் அதுபோல ஒரு வரிசை நல்லது. சேர்க்கை எண் வரிசை, மேலே சொன்ன ஒரே பள்ளி, ஒரே ஊர் இருவரைத் தவிர வேறு விதிவிலக்கு இல்லை, சிபாரிசுக் கடிதம் செல்லாது.

குறையை எப்படிச் சொல்வது என்பதையும் யாராவது கற்றுத்தர வேண்டும். வீட்டில் அம்மா முகம் பார்த்தே புரிந்துகொள்வார், இங்கே யாரும் முகம் பார்ப்பதில்லை. 'டேய், நீ எப்பவுமே இப்படித்தான்டா, கொஞ்சமாவது அடுத்தவனை நெனச்சுப் பார்க்குறியா?' என்று கேட்டால் பதில் ஒன்றுதான் வரும்: 'நீ மட்டும் ஒழுங்கா?' அதையே இப்படிச் சொல்லலாம்: 'நேத்து பன்னெண்டரை வரைக்கும் லைட் எரிஞ்சுதுடா. எனக்கு எட்டரைக்கு லேப். இன்னைக்குப் பதினொண்ணுக்கு டியூப் லைட்டை அணைச்சுட்டு டேபிள் லாம்ப் போட்டுக்கிறியா?' நடந்தது ஒன்று, எனக்கு ஆனது ஒன்று, கேட்பது ஒன்று. 'எப்பவும்', 'எல்லாரும் சொல்றாங்க' இரண்டும் வரக் கூடாது. மூன்றாவது ஆள் முன்னால் சொல்லக் கூடாது, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மீம் போட்டு ஒருபோதும் சொல்லக் கூடாது. அன்றே அல்லது மறுநாள் சொல்ல வேண்டும். மூன்று வாரம் மூட்டை கட்டி வைத்து ஒரே ராத்திரியில் அவிழ்ப்பதற்குப் பெயர் பேச்சு அல்ல. கேட்டுக்கொள்பவருக்கும் ஒரு வரி உண்டு: 'சரிடா, இன்னைக்குப் பார்த்துக்கிறேன்.' விளக்கம் வேண்டாம். அறிமுகக் கூட்டத்தில் துணைக் காப்பாளர்கள் இருவர் நின்று இதை நடித்துக் காட்டினால் பத்து நிமிடம்தான் ஆகும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த மாதம் அந்த வாக்கியத்தைக் கிண்டலாகவாவது சொல்லத் தொடங்குவார்கள்.

இந்தப் பேச்சுமுறை எதற்குப் பொருந்தாது என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். சீனியருக்குத் துணி துவைப்பது, ரீசார்ஜ் செய்து தருவது, நள்ளிரவில் கூப்பிட்டு அறிமுகம் சொல்லச் சொல்வது எதுவும் 'பழகிக்கொள்ள வேண்டிய' விஷயம் அல்ல. 1996-இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 24 மணி நேர ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. அதைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பக்கத்தில் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. மெஸ்ஸுக்கு வராமல், பகலெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையை முதலில் பார்ப்பது ரூம்மேட்தான். உங்களிடம் சொன்னால் காட்டிக்கொடுத்ததாக ஆகாது என்ற உறுதியை அவர் உங்கள் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் சில அறைகள் ஒத்துவராது. அங்கேதான் உங்கள் படிவம் ஒன்று கெடுதல் செய்கிறது. அறை மாற்றம் வேண்டுமென்றால் 'தகுந்த காரணம்' எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். சும்மா ஒத்துவரவில்லை என்பது தகுந்த காரணம் ஆகாது. அதனால் பிள்ளைகள் காரணத்தை உருவாக்குகிறார்கள். குறட்டை திருட்டாகிறது, உரசல் அடிதடியாகிறது, இரண்டு வீட்டாரும் உங்கள் அலுவலகத்தில் எதிரெதிரே உட்காருகிறார்கள். அதற்குப் பிறகு அந்த இருவரும் நான்கு வருடம் ஒரே வகுப்பில் முகம் பார்க்காமல் திரிய வேண்டும். செமஸ்டரின் ஆறாம் வாரத்தில் ஒரு வாரம் மட்டும், காரணம் கேட்காமல், மாற விரும்புபவர் பெயரையும் அறை எண்ணையும் எழுதிப் போடும் ஒரு பெட்டி வையுங்கள். போட்டவர்களை ஒருவருக்கொருவர் சேர்க்கை எண் வரிசையிலேயே மாற்றிப் போடலாம், யார் கேட்டார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 'ஆறாவது வாரம் பார்த்துக்கலாம்' என்று தெரிந்தாலே பலர் அந்த ஆறு வாரத்தைப் பொறுத்துக் கடந்துவிடுவார்கள், பிறகு பெட்டிப் பக்கமே போக மாட்டார்கள்.

கொக்கிக்குச் சுவர் கெடும் என்று பராமரிப்புப் பிரிவு சொல்லும். சுவரில் நேரடியாக அடிக்க வேண்டாம். நாலங்குல அகல மரச் சட்டத்தில் ஒன்பதையும் திருகி, சட்டத்தை மட்டும் நான்கு போல்ட்டில் பொருத்தச் சொல்லுங்கள். ஜன்னல் பக்கச் சுவரில், ஃபேன் காற்று படும் உயரத்தில்.

இப்படிக்கு,
விடுதிகளில் தங்கியும் விடுதிகளைக் கவனித்தும் பழகிய சிலர்